எவான் வில்லியம்ஸ்: மலிவு போர்பனை நிதானமாகச் சுவைத்து மறுபடி எடைபோடும் முறை

போர்பன் என்பது மக்காச்சோளம் அதிகம் சேர்த்த அமெரிக்க விஸ்கி. அதில் எவான் வில்லியம்ஸ் பிளாக் லேபிளை அமெரிக்க மதுக்கடையில் எடுக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் குனிய வேண்டியிருக்கும். விலை கூடிய பாட்டில்கள் கண் மட்டத்தில் நிற்கும். பல மாநிலங்களில் 750 மி.லி. பாட்டில் 20 டாலருக்குள் கிடைக்கும் இது கீழ்த்தட்டில் இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் ஒரு மடக்கு ராவாகக் குடித்துப் பார்த்து, தொண்டை எரிந்ததும், "இது கோலாவில் கலக்கத்தான் சரி" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில வாரம் கழித்து அதே பாட்டிலை மறுபடி ஊற்றுகிறவர்களில் சிலருக்கு முதலில் தெரியாத இனிப்பும் மணமும் தெரிய ஆரம்பிக்கின்றன.

அப்படியானால் மாறியது எது? பாட்டிலுக்குள் இருக்கும் விஸ்கியா, அதன் ஆல்கஹால் வீரியமா, குடிக்கிறவரின் நாக்கும் மூக்குமா? இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் ஒரு மலிவு விஸ்கியை "மோசம்" என்றோ "விலைக்குப் பரவாயில்லை" என்றோ சொல்வது அந்த விஸ்கிக்கு நியாயம் செய்வதாகாது. பிரித்துப் பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். இரண்டு பாட்டில், ஒரு சின்ன மாதிரிக் குப்பி, ஒரு டீஸ்பூன், கொஞ்சம் பொறுமை போதும்.

இது ஏற்கெனவே அளவாகக் குடிக்கும், சட்டப்படி வயது வந்தவர்களுக்கானது. அமெரிக்காவில் அந்த வயது 21. குடிப்பழக்கம் இல்லாதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். சுவைக்கிற நாளில் வண்டி ஓட்ட வேண்டாம்.

முதலில், என்ன வாங்குவது

ஒரே பெயரில் இரண்டு பாட்டில் வாங்குங்கள். ஒன்று எவான் வில்லியம்ஸ் பிளாக் லேபிள், 86 ப்ரூஃப். இன்னொன்று வெள்ளை லேபிள், 100 ப்ரூஃப், "பாட்டில்ட் இன் பாண்ட்" என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் ப்ரூஃப் எண்ணைப் பாதியாக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைக்கும். ஆகவே கறுப்பு 43 சதவீதம், வெள்ளை 50 சதவீதம். இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில டாலர்தான்.

ஏன் இரண்டு? ஒரு விஸ்கியைத் தனியாகக் குடித்தால் "நன்றாக இருக்கிறது", "எரிகிறது" என்பதற்கு மேல் புதியவரால் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தால் நாக்குக்குப் பேச்சு வந்துவிடும். அதிலும் இந்த இரண்டும் ஒரே ஹெவன் ஹில் நிறுவனத்தின் சரக்கு. 78 சதவீதம் மக்காச்சோளம், 10 சதவீதம் ரை என்ற தானியம், 12 சதவீதம் மால்ட் (முளைகட்டிய) பார்லி என்று தானியக் கலவையும் ஒன்றே. பெரிய வித்தியாசம் வீரியத்திலும், வெள்ளை லேபிளுக்கு உள்ள தனிச் சட்டத்திலும்தான். கற்றுக்கொள்ள இதைவிடச் சுத்தமான ஜோடி இந்த விலையில் எனக்குத் தெரிந்து குறைவு.

லேபிளைப் படியுங்கள், அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது

"கெண்டக்கி ஸ்ட்ரெயிட் போர்பன் விஸ்கி" என்ற நான்கு சொற்களும் விளம்பரத்துக்காக எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சட்டம் இருக்கிறது. கெண்டக்கி அமெரிக்க மாநிலம் ஒன்றின் பெயர். போர்பன் என்று எழுத வேண்டுமென்றால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். வடிக்கும்போது 80 சதவீத ஆல்கஹாலைத் தாண்டக் கூடாது. பீப்பாய்க்குள் போகும்போது 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பீப்பாய் புதிய ஓக் மரத்தில் செய்து உள்பக்கம் கருக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. நிறமோ சுவையோ தண்ணீர் தவிர வேறு எதுவுமோ சேர்க்கக் கூடாது. 1964-ல் அமெரிக்க காங்கிரஸ் போர்பனைத் தன் நாட்டுக்கே உரிய மது என்று அறிவித்தது.

இதில் புதியவர் மனதில் வைக்க வேண்டியது: 20 டாலர் போர்பனும் 200 டாலர் போர்பனும் இதே சட்டத்துக்குள்தான் அடங்குகின்றன. மலிவு என்பதால் சாயமும் எசன்ஸும் இருக்கும் என்ற சந்தேகத்துக்கு இங்கே இடமில்லை. இந்தியாவில் விலை குறைந்த விஸ்கிகள் பலவற்றில் கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட் இருக்கும், நிறத்துக்கு கேரமல் சேர்ப்பதும் உண்டு. அந்தச் சுவைக்குப் பழகியவர்களுக்கு போர்பனின் மர வாசனை முதலில் தூக்கலாகத் தெரியலாம். அது புதிய, கருக்கிய ஓக்கின் வேலை.

"ஸ்ட்ரெயிட்" என்றால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்தது. 4 வருடத்துக்குக் குறைவாக இருந்தால் வயதை லேபிளில் போட்டே ஆக வேண்டும். பிளாக் லேபிளில் வயது இல்லை. ஆகவே அதில் இருப்பது எல்லாம் 4 வருடமோ அதற்கு மேலோ ஆனது என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

வெள்ளை லேபிளின் "பாட்டில்ட் இன் பாண்ட்" 1897-ல் வந்த சட்டம். அந்தக் காலத்தில் புகையிலைச் சாறு வரைக்கும் கலந்து விஸ்கி என்று விற்றார்கள். அதைத் தடுக்க அரசாங்கமே உத்தரவாதம் கொடுத்தது. ஒரே டிஸ்டிலரியில் (வடிசாலையில்), ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். பருவம் என்றால் ஜனவரி முதல் ஜூன் வரை ஒன்று, ஜூலை முதல் டிசம்பர் வரை ஒன்று. அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது 4 வருடம் இருக்க வேண்டும். சரியாக 50 சதவீதத்தில் பாட்டிலில் அடைக்க வேண்டும். எந்த டிஸ்டிலரியில் வடித்தது என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். கீழ்த்தட்டு பாட்டில் ஒன்று இவ்வளவு வெளிப்படையாகத் தன்னைப் பற்றிச் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இதைவிடப் பல மடங்கு விலை வைத்து, எங்கே வடித்தது என்றே சொல்லாத பாட்டில்கள் நிறைய உண்டு.

லேபிளில் இருக்கும் 1783 என்ற வருடத்தை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எவான் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரர் அந்த வருடம் லூயிவில்லில் டிஸ்டிலரி தொடங்கினார் என்பது கம்பெனி சொல்லும் கதை. வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. இன்று நாம் வாங்கும் பிராண்டு 1957-ல் வந்தது.

"பழைய சரக்குதான் நல்ல சரக்கு" என்பவர்களுக்கு

இந்த விஸ்கியைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர், அந்தக் காலத்து பாட்டில் வேறு மாதிரி இருந்தது என்பார். அதில் உண்மை இருக்கிறது. பிளாக் லேபிளில் முன்பு 7 வருடம் என்று வயது போட்டிருந்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் 1996 நவம்பர் 7-ல் நடந்தது. கெண்டக்கியின் பார்ட்ஸ்டவுனில் ஹெவன் ஹில் கிடங்குகளில் தீப்பிடித்து, 90,000-க்கும் மேற்பட்ட பீப்பாய்கள் எரிந்தன. டிஸ்டிலரியும் எரிந்துபோனது. போட்டி நிறுவனங்கள் தங்கள் இடத்தில் காய்ச்சிக் கொடுத்து உதவின. 1999-ல் ஹெவன் ஹில் லூயிவில்லில் உள்ள பெர்ன்ஹைம் டிஸ்டிலரியை வாங்கி அங்கே காய்ச்ச ஆரம்பித்தது.

ஆக, தீக்கு முந்தைய பாட்டிலும் இன்றைய பாட்டிலும் ஒரே பெயர் கொண்ட இரண்டு விஸ்கிகள். டிஸ்டிலரி வேறு, கலன்கள் வேறு, வயதும் வேறாக இருக்கலாம். பழையதைக் குடித்தவரின் நினைவைக் கொண்டு இன்றையதை எடைபோட வேண்டாம். உங்கள் முன்னால் இருக்கும் பாட்டிலை மட்டும் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை

குடிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள். நன்றாகக் கழுவி, வாசனை ஏதும் இல்லாமல் உலர்ந்த 60 மி.லி. கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து, பிளாக் லேபிளை விளிம்பு வரை ஊற்றி இறுக்கி மூடுங்கள். உள்ளே காற்று தங்கக் கூடாது. மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தேதி எழுதி, இருட்டான அலமாரியில் நேராக நிற்க வையுங்கள். இதற்கு வேலை ஆறு வாரம் கழித்து வரும். இந்த ஒரு காரியத்தைச் செய்யாதவர்கள்தான் "பாட்டில் திறந்து காற்றுப் பட்டதும் சுவை மாறிவிட்டது" என்றும் "இல்லவே இல்லை" என்றும் முடிவில்லாமல் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பெரிய பாட்டிலையும் நேராகவே வையுங்கள். ஒயின் பாட்டிலைப் போலப் படுக்க வைத்தால் வீரியமான ஆல்கஹால் மூடியை அரிக்கும். வெயில் படக் கூடாது. பாட்டிலுக்குள் விஸ்கிக்கு வயது ஏறாது. பீப்பாயை விட்டு வந்த அன்றே அது நின்றுவிடும்.

கிளாஸ், நேரம், அளவு

வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். விஸ்கி சுவைக்கவென்றே செய்த கிளென்கேர்ன் கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சின்ன ஒயின் கிளாஸ் போதும். வாய் அகலமான டம்ளரில் மணம் மேலே வந்ததும் கலைந்து போய்விடும். எவர்சில்வர் டம்ளரும் பிளாஸ்டிக் கப்பும் வேண்டாம்.

ஒரு தடவைக்கு 15 மி.லி. ஊற்றுங்கள், அதாவது ஸ்மால் பெக்கில் பாதி. மூன்று கிளாஸ் வைத்தாலும் மொத்தம் 45 மி.லி.க்குள் நிற்கும். அமெரிக்கக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 40 சதவீத மதுவில் ஏறக்குறைய 44 மி.லி. தலை கொஞ்சம் கிறுகிறுத்தால்கூட மூக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். துப்பிவிட்டுச் சுவைப்பதும் சரியான முறைதான். தொழிலாகச் சுவைக்கிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

நேரம் முக்கியம். மாலையில் சாப்பாட்டுக்கு முன், ஆனால் வெறும் வயிற்றில் இல்லாமல். காரமான சைட் டிஷ், ஊறுகாய், வெங்காயம், காபி, பற்பசை எதுவும் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்கு வேண்டாம். அறையில் ஊதுபத்தி, சென்ட், தாளிப்பு வாசனை இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சளி பிடித்திருந்தாலும் அப்படியே. முந்தின தடவை பிடிக்காமல் போனதற்கு இதில் ஒன்றே காரணமாக இருந்திருக்கலாம்.

ஊற்றியதும் கை வைக்காமல் 10 நிமிடம் விடுங்கள். மேலே நிற்கும் காட்டமான நெடி அடங்க அந்த நேரம் வேண்டும். பிளாக் லேபிளில் இந்தப் பத்து நிமிடம் செய்யும் வித்தியாசம் பெரியது. ஊற்றியவுடன் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு நெடி வரலாம்; பிறகு அது விலகி இனிப்பு வாசனை மேலே வரும்.

மூக்கு

கிளாஸை முதலில் தாடைக்குக் கீழே பிடியுங்கள். அங்கேயே ஏதாவது மணம் எட்டுகிறதா பாருங்கள். அப்புறம் மெதுவாக உயர்த்துங்கள். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகர்ந்தால் நெடி மூக்கில் ஏறாது. ஒயினைப் போலக் கிளாஸை வேகமாகச் சுழற்ற வேண்டாம். ஆல்கஹால்தான் எழுந்து வரும். ஆழமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக முகர்ந்து, நடுவில் மூக்குக்கு ஓய்வு கொடுங்கள்.

புதியவர்களுக்குப் பெரிய தடை இங்கேதான். ஏதோ ஒரு மணம் வருகிறது, அதற்குப் பெயர் வரவில்லை. அமெரிக்கர்கள் எழுதும் குறிப்புகளில் மேப்பிள் சிரப், பெக்கான் பை, கிரஹாம் கிராக்கர் என்று வரும். அவற்றைச் சாப்பிட்டு வளராத மூக்குக்கு அந்தப் பெயர்களால் பயன் இல்லை. உங்கள் சமையலறையிலிருந்து தொடங்குங்கள். வெல்லம், கருப்பட்டி, பட்டை, கிராம்பு, காய்ந்த கொப்பரை, வறுத்த வேர்க்கடலை, ஆரஞ்சுத் தோல், அவித்த மக்காச்சோளம், வெனிலா எசன்ஸ் ஒரு சொட்டு. இவற்றைச் சின்னக் கிண்ணங்களில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து கிளாஸுக்கு வாருங்கள்.

இது வெறும் கற்பனை விளையாட்டு இல்லை. ஓக்கைக் கருக்கும்போது மரத்தில் உள்ள லிக்னின் உடைந்து வெனிலின் உண்டாகிறது. வெனிலா மணத்துக்கு அதுவே காரணம். மரத்தின் சர்க்கரைகள் கருகி வெல்லப்பாகு மணம் தருகின்றன. கொப்பரை மணம் ஓக்கில் இருக்கும் லாக்டோன்களிலிருந்து வருகிறது. பட்டை, மிளகு மாதிரி வருவதில் மரத்துக்கும் ரை தானியத்துக்கும் பங்கு உண்டு. கெண்டக்கியில் கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிர்காலத்தில் சுருங்கி வெளியே வரும். இந்தப் போக்குவரத்துதான் வருடக் கணக்கில் மணத்தைச் சேர்க்கிறது.

பிளாக் லேபிளில் எனக்கு முதலில் வருவது வெனிலாவும் வெல்லமும். பிறகு அவித்த சோளத்தின் லேசான பச்சை இனிப்பு, கடைசியில் ஆரஞ்சுத் தோல். வெள்ளையில் இதே வரிசை வரும், ஆனால் பட்டையும் வேர்க்கடலையும் அழுத்தமாக நிற்கும். உங்களுக்கு வேறு எதாவது வந்தால் அதை எழுதுங்கள், என் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நாக்கு

முதல் சொட்டு சுவைக்க இல்லை, வாயைப் பழக்க. சில துளிகளை நாக்கில் விட்டு, வாய் முழுக்கப் பரப்பி விழுங்குங்கள். எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாவது மடக்கு எடுங்கள். மதிப்பீடு அதிலிருந்துதான் தொடங்குகிறது. புதியவர்கள் தரும் மோசமான தீர்ப்புகளில் முக்கால்வாசி முதல் மடக்கில் எழுதப்பட்டவை என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது மடக்கை வாயில் வைத்து மென்று பாருங்கள். ஜிம் பீமின் பேரனும் அந்த டிஸ்டிலரியைப் பல காலம் நடத்தியவருமான புக்கர் நோ இப்படி வாயை அசைத்துச் சுவைப்பதைப் பரப்பினார். அதை அங்கே "கெண்டக்கி சூ" என்பார்கள். விஸ்கி நாக்கின் ஓரங்களையும் மேலண்ணத்தையும் தொட வேண்டும். விழுங்கிய பிறகு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை விடுங்கள். அப்போது வரும் மணத்தைத் தவற விடாதீர்கள். பல நேரம் முகரும்போது கிடைக்காதது இங்கே கிடைக்கும்.

இப்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். இனிப்பு எவ்வளவு, எந்த வகை. காரம் எங்கே பிடிக்கிறது: நாக்கு நுனியிலா, தொண்டையிலா. தொண்டையில் கமறல் இருந்தால் அதை எழுதுங்கள். அடுத்து துவர்ப்பு. மரத்தின் டானின் ஈறுகளை லேசாக இழுத்துப் பிடிக்கும். கொஞ்சம் இருந்தால் அழகு, மிகுந்தால் பென்சில் மரத்தைக் கடித்த மாதிரி ஆகிவிடும். நான்காவது, விழுங்கிய பிறகு சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது. பிளாக் லேபிளின் பலவீனம் இந்த நான்காவதில்தான். தொடக்கம் இனிமையாக இருக்கும், பின்சுவை சீக்கிரம் கரைந்துவிடும். வெள்ளை நெஞ்சுவரை இறங்கி அங்கே கொஞ்ச நேரம் சூடாக நிற்கும்.

கிளாஸைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் பறந்துபோய், அடியில் காய்ந்த மரமும் சர்க்கரையும் மட்டும் மிஞ்சியிருக்கும். மணங்களுக்குப் பெயர் வைக்கப் பழக இதைவிட எளிய வழி கிடையாது. செலவும் இல்லை.

ஒரு டீஸ்பூன் தண்ணீர்

வெள்ளை லேபிள் பிடித்திருக்கிறது, கறுப்பு தண்ணியாக இருக்கிறது என்று தோன்றினால், அது விஸ்கியின் தரமா வெறும் வீரியமா என்று அடுத்த கேள்வி வருகிறது. இதற்கு விடை காண ஒரு கணக்கு போதும். 50 சதவீத விஸ்கி 30 மி.லி.யில் 5 மி.லி. தண்ணீர் சேர்த்தால் ஏறக்குறைய 43 சதவீதம் ஆகிவிடும். 5 மி.லி. என்றால் சரியாக ஒரு டீஸ்பூன். வாசனை இல்லாத குடிதண்ணீர் வேண்டும்; குளோரின் வாடை அடிக்கும் குழாய்த் தண்ணீர் எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

இப்படி ஒரு சின்னக் குப்பியில் முன்கூட்டியே கலந்து, சில மணி நேரம் வையுங்கள். இப்போது உங்களிடம் ஒரே வீரியத்தில் கறுப்பும் வெள்ளையும் இருக்கின்றன. எரிச்சல் என்ற சாக்கு போய்விட்டது. மிஞ்சியிருக்கும் வித்தியாசம் எதுவோ அது விஸ்கியின் வித்தியாசம்.

தனியாகக் கறுப்பிலும் சில துளி தண்ணீர் விட்டுப் பார்க்கலாம். ஆனால் 43 சதவீதத்தில் இருப்பது ஏற்கெனவே போதுமான தண்ணீர் கண்டது. எனக்கு அது சீக்கிரம் தட்டையாகிவிடுகிறது. சுவைக்கிற நாளில் ஐஸ் வேண்டாம். குளிர் இனிப்பையும் மணத்தையும் அமுக்கி, துவர்ப்பை முன்னால் தள்ளும்.

கண்ணை நம்பாமல் மூன்று கிளாஸ்

பெயரும் விலையும் தெரிந்தால் நாக்கு அதற்கேற்பப் பேசும். யாருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே மூன்று கிளாஸ் எடுத்து, இரண்டில் ஒரே விஸ்கியும் ஒன்றில் மற்றதும் ஊற்றச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் 10 மி.லி. போதும். எந்த இரண்டு ஒன்று என்பது உங்களுக்குத் தெரியக் கூடாது. வீட்டில் உதவ ஆள் இல்லையென்றால் கிளாஸுக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டி, கண்ணை மூடி இடம் மாற்றி வையுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க விளக்கைக் குறையுங்கள். தண்ணீர் கலந்த வெள்ளையையும் கறுப்பையும் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

உங்கள் வேலை எது நல்லது என்று சொல்வது இல்லை. எது தனி என்று கண்டுபிடிப்பது. கண்ணை மூடிக் குத்துமதிப்பாகச் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும். அதனால் ஒரு மாலை வெற்றியை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். வேறு வேறு நாளில் மூன்று தடவையும் சரியாகச் சொன்னால், அது அதிர்ஷ்டமாக இருக்க 27-ல் 1 வாய்ப்புதான். அப்போது உங்களுக்கு உண்மையாகவே வித்தியாசம் தெரிகிறது. தெரியவில்லை என்றாலும் அது பயனுள்ள விடைதான்: வெள்ளையில் நீங்கள் விரும்பியது அதன் வீரியத்தை. இரண்டில் எதை வாங்குவது என்பதற்கு அதுவே போதிய காரணம்.

ஆறு வாரம் கழித்து

பாட்டில் பாதிக்குக் கீழே இறங்கியிருக்கும். இப்போது மூடி வைத்த அந்த 60 மி.லி. குப்பியை எடுங்கள். ஒன்று காற்றுப் படாத முதல் நாள் விஸ்கி, இன்னொன்று ஆறு வாரம் காற்றோடு இருந்தது. இரண்டையும் அதே மூன்று கிளாஸ் முறையில் வையுங்கள். பழைய குறிப்புகளை இன்னும் பார்க்க வேண்டாம்.

தனிக் கிளாஸைத் தொடர்ந்து கண்டுபிடிக்க முடிகிறது என்றால் பாட்டிலில் மாற்றம் நடந்திருக்கிறது. பெரும்பாலும் காட்டமான நெடி குறைந்து, இனிப்பு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். முடியவில்லை, ஆனால் இரண்டுமே முதல் நாள் குறிப்பில் எழுதியதைவிட நன்றாக இருக்கின்றன என்றால், விஸ்கி அப்படியே இருக்கிறது, நீங்கள்தான் பழகிவிட்டீர்கள். புதியவர்கள் விஷயத்தில் இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கும் என்பது என் கணிப்பு. எரிச்சலைத் தாண்டி அதற்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்க நாக்கு சில வாரங்களில் கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத முதல் நாள் மதிப்பெண்ணை ஒரு விஸ்கியின் மீது காலம் முழுக்கச் சுமத்துவது சரியில்லை.

மூன்றாவதாக ஒன்றும் நடக்கலாம்: இரண்டும் முன்பைவிடச் சாதாரணமாகத் தெரியும். முதலில் பிரமாதமாக இருந்த இனிப்பு இப்போது ஒற்றைச் சுவையாகப் படும். அதுவும் நேர்மையான மறுமதிப்பீடு. மறைக்காமல் எழுதுங்கள்.

தேர்வு முடிந்த பிறகு விலையைக் கொண்டுவரலாம், அதற்கு முன் கூடாது. குறிப்பில் சுவைக்கு ஒரு பத்தி, விலைக்கு வேறு பத்தி என்று பிரியுங்கள். 100-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவதைவிட மூன்று கேள்விக்கு விடை எழுதுவது எனக்கு உதவியிருக்கிறது. ராவாக இன்னொரு கிளாஸ் எடுக்கத் தோன்றுகிறதா? இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள ஒன்றின் பக்கத்தில் வைத்தால் எதில் குறைகிறது? தீர்ந்தால் மறுபடி வாங்குவேனா?

என் விடைகளைச் சொல்கிறேன். கறுப்பு: ராவாக ஒன்று போதும், பின்சுவையில் குறைகிறது, ஆனால் வாங்குவேன். வெள்ளை: ராவாகவும் சரி, தண்ணீரோடும் சரி, இந்த விலையில் இதைத் தாண்டுவது கஷ்டம்.

கலந்து குடிப்பதையும் தேர்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலிவு போர்பனின் வாழ்க்கையில் பாதி அங்கேதான் கழிகிறது. 60 மி.லி. போர்பன், ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு வீச்சு, பெரிய ஐஸ் கட்டி, மேலே ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தால் ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயில். இதில் ஐஸ் உருகிய பிறகும் நிற்பது வெள்ளை. கறுப்பு பாதியிலேயே சர்க்கரைக்குள் தொலைந்துவிடும். சோடாவோடு உயரமான கிளாஸில் குடிக்கக் கறுப்பு நன்றாக இருக்கிறது. இந்த இரண்டையும் சுவைக்கிற அதே மாலையில் செய்ய வேண்டாம், அளவு கூடிவிடும்.

அடுத்த ஜோடிக்குப் போகத் தயாரானால் அதே டிஸ்டிலரியின் இரண்டு வீரியங்களாகவே எடுங்கள். வைல்ட் டர்க்கியில் 40.5 சதவீதமும் 50.5 சதவீதமும் ஒரே தானியக் கலவை. லாரன்ஸ்பர்க்கில் வடிப்பது, நன்றாகக் கருக்கிய பீப்பாய், காரம் தூக்கல். ரை இன்னும் அதிகம் வேண்டுமென்றால் ஓல்ட் கிராண்ட்டாட், அதிலும் சாதாரணம் ஒன்று, பாண்டட் ஒன்று. புதிய பாட்டிலைத் திறந்ததும் மறக்காமல் முதலில் 60 மி.லி. குப்பியை நிரப்பி, டேப் ஒட்டி, தேதி எழுதுங்கள்.